ஃபேன் கத்துகிறது, காற்று வரவில்லை: பர்கூர்ப் பக்கம் ஒரு பிளேஸ்டேஷன் 4

கருவி பிளேஸ்டேஷன் 4 (டிவியில் மாட்டி விளையாடும் சோனி கேம் பெட்டி), முதல் வடிவம், சியூஎச்-11 மாடல் வரிசை, 500 ஜிபி ஹார்டு டிஸ்க். பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் சீட் வீட்டில் இருக்கிறது. சாலைக்கு எதிர்ப்பக்கம் கிரானைட் அறுத்துப் பாலிஷ் போடும் பட்டறை. வைத்திருப்பவர் கல்லூரி மாணவர். ஏப்ரல் மாதம் அவர் சொன்ன குறை இது: "ஃபுட்பால் கேம் போட்டா ரெண்டாவது மேட்ச் முடியறதுக்குள்ள ஆஃப் ஆயிடுதுங்கண்ணா. பவர் சப்ளை போயிடுச்சுன்னு சொல்றாங்க."

கருவி எங்கள் ரிப்பேர் மேசைக்கு வருவதற்கு முன்பே நான்கு வைத்தியம் நடந்திருந்தது. புதிதாக ஒரு ஸ்டெபிலைசர் வாங்கியிருந்தார்கள். பிளக் போர்டை மாற்றியிருந்தார்கள். கேமை அழித்துத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். இவை மூன்றும் பலன் தரவில்லை, கெடுதலும் செய்யவில்லை. நான்காவதாக, பஞ்சர் கடையில் கொடுத்து, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் குழாயை ஓரத் துளைகளில் வைத்து அடித்திருந்தார்கள். பிற்பாடு பார்த்த சேதத்தில் பெரும்பகுதி அதனால் வந்தது.

கரண்ட் மீதான சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொண்டோம். பட்டறையில் பெரிய மோட்டார் கிளம்பும்போது அந்தத் தெருவில் டியூப்லைட் மங்கும். அதைப் பார்த்தவர்கள் லோ வோல்டேஜில்தான் கேம் அணைகிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்தக் கருவிக்குள் இருக்கும் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை வாங்கிக்கொள்ளும் சுவிட்சிங் வகை. உள்ளே வருவது 180 ஆனாலும் 230 ஆனாலும் அது போர்டுக்குக் கொடுப்பது அதே 12 வோல்ட்தான். காத்திருப்பு வேலைக்குத் தனியாக 4.8 வோல்ட் ஒன்று உண்டு. காலை பட்டறை கிளம்பும் நேரத்தில் மல்டிமீட்டரை மாட்டி இரண்டு மணி நேரம் பார்த்ததில் வீட்டு வோல்டேஜ் 192க்குக் கீழே இறங்கவில்லை. இதற்கு ஸ்டெபிலைசர் தேவையே இல்லை. ரிலே வகை ஸ்டெபிலைசர் படி மாறும் ஒவ்வொரு முறையும் நொடியில் சிறு பங்கு கரண்ட் அறுபடும். எதற்காக வாங்கினார்களோ அந்தத் தொல்லையையே அது கூட்டக்கூடும் என்பதால் கழற்றச் சொன்னோம்.

சப்ளை கெட்ட கருவிக்கும் சூட்டில் அணையும் கருவிக்கும் நடத்தை வேறு. சப்ளை போயிருந்தால் பெரும்பாலும் பட்டனை அழுத்தியதும் ஒரு 'டிக்', அல்லது நீல விளக்கு ஒரு கணம் மின்னி அணைதல், அவ்வளவுதான். மெனு வரைக்கும் போகாது. நீலம் துடித்துக்கொண்டே இருந்து வெள்ளைக்கு மாறவில்லை என்றால் ஹார்டு டிஸ்க், எச்டிஎம்ஐ (டிவிக்குப் படம் போகும் இணைப்பு), மெயின் போர்டு ஆகிய மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். சூடு என்றால் திரையில் எச்சரிக்கை வரும், விளக்குப் பட்டை சிவப்பாகும், பிறகு அணையும். இந்தக் கருவியில் மெனுவை மட்டும் திறந்து வைத்தால் இரண்டு மணி நேரமும் பிரச்சினை இல்லை. கேம் போட்டால் பத்தாவது நிமிடத்தில் ஃபேன் மாவு மில் மாதிரிக் கத்தத் தொடங்கியது. 22ஆவது நிமிடத்தில் சிவப்பு.

சூடுதான் என்று தெரிந்ததும் பலரும் நேராக பேஸ்ட், அதாவது சிப்பின் மேல் பூசும் சூடு கடத்தும் பசை, மாற்றத்தான் கிளம்புவார்கள். அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் செலவழித்தால் சூடு எந்த இடத்தில் தேங்குகிறது என்று கருவியே சொல்லிவிடும். தினத்தாளிலிருந்து ஒரு விரல் அகலம், ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்த துண்டும், மல்டிமீட்டரோடு வரும் வெப்பநிலைக் கம்பியும் போதும். கேம் ஓடி 15 நிமிடம் ஆன பிறகு, பின்பக்கத் துளைகளுக்கு முன்னால் காகிதத்தைத் தொங்கவிட்டு எவ்வளவு தூக்குகிறது என்று பார்க்க வேண்டும். கம்பி முனையை அதே காற்றில் பிடித்து அளவு எடுக்க வேண்டும். அறை வெப்பத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கருவியின் வேலை ஒரு விதத்தில் அடுப்பு மாதிரிதான். கேம் ஓடும்போது சுமார் 140 வாட் இழுக்கிறது. அத்தனையும் கடைசியில் சூடாகி வெளியேற வேண்டும். ஃபேன் முழு வேகத்தில் கத்தும் நிலையில், காகிதம் அசையாமல் காற்று கொதித்தால் ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பாகம்) தகடுகள் அடைத்திருக்கின்றன: கொஞ்சக் காற்று மொத்தச் சூட்டையும் சுமக்கிறது. காகிதம் நன்றாகப் பறந்து, காற்று வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் வழி திறந்திருக்கிறது, ஆனால் சிப்பிலிருந்து தகட்டுக்குச் சூடு சரியாக ஏறவில்லை. அப்போது கோளாறு பேஸ்ட்டில், அல்லது சிப்பை ஹீட்சிங்கோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் தகட்டில். காகிதமும் பறந்து காற்றும் கொதித்தால் கருவிக்குள் போகும் காற்றே சூடானது. மூடிய ஷோகேஸ், சீட் வீட்டு மத்தியான வெயில், அல்லது வெளியே விட்ட காற்றையே அது திரும்ப இழுத்துக்கொள்வது. ஃபேன் சத்தம் மூன்றிலும் ஒன்றுதான். சத்தத்தை வைத்து மட்டும் முடிவு செய்தால் மூன்றில் இரண்டு தரம் தவறான இடத்தைப் பிரிக்க நேரும்.

அறை 34 டிகிரி. காகிதம் நுனி மட்டும் ஆடியது. காற்று 62 டிகிரி. ஆக, தகடு அடைப்பு.

பிரிப்பதற்கு நடுவில் துளையுள்ள டி8 நட்சத்திர ஸ்குரூட்ரைவர் வேண்டும். துளையில்லாத சாதாரண நட்சத்திரம் ஏறாது. கட்டாயப்படுத்தினால் தலை வழுக்கிவிடும். பின்பக்கம் நான்கு திருகுகள், அவற்றில் சில ஸ்டிக்கருக்கு அடியில். கருவியைக் கவிழ்த்து, அடி மூடியைப் பின்பக்கத்திலிருந்து தூக்கினால் பவர் சப்ளை தெரியும். கரண்ட் கம்பியை உருவி குறைந்தது பத்து நிமிடம் கழித்தே தொட வேண்டும். சப்ளைக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். சப்ளைப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். திருகுகளை எடுத்த பிறகு அதை நேர் மேலே தூக்க வேண்டும். போர்டில் நிற்கும் ஊசிகளில்தான் அது உட்கார்ந்திருக்கிறது, சாய்த்து இழுத்தால் அவை வளையும்.

இந்த வடிவத்தில் ஃபேன் தள்ளும் காற்று ஹீட்சிங்க் தகடுகளைத் தாண்டி, சப்ளைக்குள் புகுந்துதான் பின்பக்கம் வெளியேறுகிறது. அதனால் சப்ளையை எடுத்ததும் தகடுகளின் வாய் நேராகத் தெரியும். சாதாரண வீட்டுத் தூசி என்றால் அங்கே சாம்பல் நிறப் பஞ்சு மெத்தை இருக்கும். பிரஷ்ஷால் இழுத்தால் ஒரே துண்டாக வந்துவிடும். இங்கே இருந்தது பஞ்சு இல்லை, பூச்சு. சுவரில் காய்ந்த சாந்து போல, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. கல்லுத்தூள் காய்ந்திருக்கும்போது மாவு போல லேசாகப் பறக்கும், தகட்டில் அவ்வளவு சுலபத்தில் ஒட்டாது. பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் தொட்டியில் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் தேங்கியிருக்கும். அந்த ஈரம் தூளோடு கலந்து, பிறகு 60 டிகிரி சூட்டில் தினமும் வெந்து இறுகிவிட்டது. அதே காற்று ஃபேனையும் தாறுமாறாகச் சுழற்றுகிறது. அந்த வேகத்துக்கு அதன் பேரிங் செய்யப்பட்டதல்ல. எந்தக் காற்றால் ஊதினாலும் ஃபேனை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொள்வது கட்டாயம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கத்துக் கல்லில் குவார்ட்ஸ் உண்டு. அதன் நுண்தூள் நுரையீரலுக்குப் பெரும் கெடுதல். பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. வீட்டுக்குள் வைத்து ஊதி, குழந்தைகள் இருக்கும் அறையில் அந்தத் தூளைப் பறக்கவிடக் கூடாது. நல்ல மாஸ்க், திறந்த வெளி, முடிந்தவரை ஊதாமல் ஈரத் துணியாலும் பிரஷ்ஷாலும் எடுப்பது. இதில் சமரசம் வேண்டாம்.

முதல் கட்டமாக போர்டைக் கழற்றாமலே, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷின் முடியைப் பாதியாக வெட்டி, தகடுகளின் இடையில் நீளவாக்கில் இழுத்துச் சுரண்டினோம். தகடு மெல்லிய அலுமினியம், குறுக்கே இழுத்தால் மடங்கும். முக்கால் மணி நேரத்தில் பெரும்பகுதி உதிர்ந்தது. சப்ளையை வைத்து மூடி அதே கேமை ஓட்டினோம். காகிதம் இப்போது படுக்கைவாட்டில் நின்றது. காற்று 46 டிகிரி. 22 நிமிடம் தாண்டியது, ஒரு மணி நேரம் தாண்டியது. ஆனால் ஃபேன் அடங்கவே இல்லை. ஒரு மணி 40 நிமிடத்தில் திரும்பவும் சிவப்பு.

சுத்தம் செய்தும் போகவில்லை என்றதும், சப்ளைதான் என்று பலர் மனம் மாறுவது இந்த இடத்தில்தான். காகிதத் துண்டு வேறு சொல்கிறது. காற்று தாராளம், வெதுவெதுப்பு மட்டுமே, ஃபேன் முழு வேகம். அடைப்பு போனது, அதற்குப் பின்னால் மறைந்திருந்த இரண்டாவது கோளாறு வெளியே வந்தது. சூடு சிப்பிலிருந்து ஏறவில்லை.

இரண்டாம் கட்டத்துக்கு முழுதாகப் பிரிக்க வேண்டும். டிஸ்க் டிரைவ், ஹார்டு டிஸ்க், மேல் மூடி, ஃபேன் கம்பி, வைஃபை ஆன்டெனா கம்பி, முன்பக்கப் பட்டன்களுக்குப் போகும் பட்டை ரிப்பன் என்று ஒவ்வொன்றாக எடுத்து, போர்டின் முதுகில் இருக்கும் பெருக்கல் குறி வடிவ ஸ்பிரிங் தகட்டைக் கழற்றினால்தான் போர்டு ஹீட்சிங்கை விட்டு எழும்பும். ரிப்பன்களின் பூட்டை நகத்தால் நிமிர்த்தாமல் இழுத்தால் கிழியும். இந்தக் கருவியில் வீட்டிலேயே பிரித்துப் பார்த்து வருபவற்றில் அதிகம் காணும் சேதம் அது. திருகுகள் நீளத்தில் வேறுபடும். பிரித்த வரிசையிலேயே ஒரு அட்டையில் குத்தி வைத்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது.

அடியில் இருக்கும் சிப்பில்தான் இந்தக் கருவியின் உயிர். 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடும் எட்டு ஜாகுவார் வகைப் பிராசஸர் கோர்களும், 1.84 டெராஃபிளாப்ஸ் வேகக் கிராபிக்ஸும் ஒரே சிலிக்கான் துண்டில், சுமார் 350 சதுர மில்லிமீட்டரில் அடங்கியிருக்கின்றன. 2013இல் வந்த வடிவமைப்பு, 28 நானோமீட்டர் தயாரிப்பு. அந்த அளவு இடத்துக்கு அது தரும் சூடு அதிகம். கம்ப்யூட்டர் பிராசஸர் போல மேலே உலோக மூடி கிடையாது, சிலிக்கான் வெறுமனே இருக்கிறது. மூலையில் ஒரு தட்டுத் தட்டினால் கருவி முடிந்தது. சுற்றிலும், போர்டின் மறுபக்கத்திலும் எட்டு எட்டாக 16 மெமரி சிப்கள், மொத்தம் 8 ஜிபி ஜிடிடிஆர்5. பிராசஸரும் கிராபிக்ஸும் இதே மெமரியைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. நொடிக்கு 176 ஜிபி ஓடும் பாதை அது. அவையும் சூடாகும் என்பதால் மெத்தென்ற சூட்டுப் பட்டைகள் வழியே உலோகத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

பேஸ்ட் காய்ந்து, நடுப்பகுதியில் மட்டும் சாம்பல் செதிலாக ஒட்டியிருந்தது. ஓரங்களில் ஒன்றுமே இல்லை. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் இரு பக்கமும் துடைத்தோம். உலோகத்தால் சுரண்டக் கூடாது. ஃபேனைத் தனியே கழற்றிவிட்டு, ஹீட்சிங்கை மட்டும் சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவினோம். அதில் மின்பாகம் எதுவும் இல்லை, பயமில்லை. தண்ணீர் கரைத்த சிமெண்ட் நிறத்தில் வந்தது. இரண்டாவது கழுவலுக்குப் பிறகுதான் தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் தடையின்றித் தெரிந்தது. நிழலில் ஒரு முழு நாள் காய்ந்தது.

புது பேஸ்ட் 0.2 கிராம் போதும். மூடியில்லாத சிலிக்கான் என்பதால் நடுவில் ஒரு சொட்டு வைத்து அழுத்தத்தை நம்புவதைவிட, பழைய ஏடிஎம் கார்டு ஓரத்தால் முழுப்பரப்பிலும் மெல்லியதாகத் தடவுவது நல்லது. மூலை ஒன்றில் பேஸ்ட் படாமல் விட்டாலும் அந்த மூலைக்குக் கீழே இருக்கும் பகுதி தனியாகக் கொதிக்கும். மின்சாரம் கடத்தாத பேஸ்ட்டாக இருக்க வேண்டும். திரவ உலோக வகை இங்கே வேண்டாம். அலுமினியத்தை அது அரிக்கும், வழிந்தால் போர்டைச் சுட்டுவிடும்.

சூட்டுப் பட்டைகள் கிழியாமல் இருந்தன, அப்படியே விட்டோம். "எதுக்கும் மாத்திடலாமே" என்று தடிமன் தெரியாமல் புதுப்பட்டை ஒட்டுவது பெரிய தவறு. பட்டை அரை மில்லிமீட்டர் கூடினால் அது தகட்டைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். நடுவில் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடைவெளி விழும். பேஸ்ட் மாற்றிய பிறகு முன்னைவிட மோசமாகச் சூடேறும் கருவிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஸ்பிரிங் தகட்டின் இரண்டு திருகுகளையும் ஒரே மூச்சில் முறுக்காமல், இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி இறக்க வேண்டும்.

மூடிய பிறகு அதே அறை, அதே 34 டிகிரி, அதே கேம், மூன்று மணி நேரம். காகிதம் நன்றாகப் பறந்தது, காற்று 49 டிகிரி, பக்கத்தில் நின்று பேசினால் ஃபேன் சத்தம் கேட்காத அளவுக்கு அடங்கிவிட்டது. முதல் கட்டச் சோதனையைவிட மூன்று டிகிரி கூடுதலாக இருக்கிறதே என்று மாணவர் கேட்டார், நல்ல கேள்வி. அப்போது ஃபேன் முழு வேகம். இப்போது மெதுவாகச் சுற்றியே வேலை முடிகிறது. குறைந்த காற்று அதே 140 வாட்டைச் சுமப்பதால் சற்றுச் சூடாக வருகிறது. ஃபேன் அடங்கிய நிலையில் இது ஆரோக்கியமான அளவு.

சூட்டுப் பிரச்சினை இதோடு தீர்ந்தது. ஆனால் திடீர் திடீரென்று அணைந்துகொண்டே இருந்த கருவியில் ஹார்டு டிஸ்க் சும்மா இருந்திருக்காது. கேம் ஏறப் பிடித்த நேரம் மிக அதிகம், மெனுவில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அணைந்திருக்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, சுமார் ஏழு நொடியில் இரண்டாவது 'பீப்' கேட்டதும் விட்டால் சேஃப் மோட், அதாவது பழுது பார்க்கும் மெனு, வரும். கன்ட்ரோலரை யுஎஸ்பி கம்பியில் மாட்டினால்தான் அங்கே வேலை செய்யும். ஐந்தாவது தேர்வு தரவுத்தளத்தைத் திரும்பக் கட்டுவது. அதில் கேமோ, சேவோ (விளையாடிய நிலையைச் சேமித்த கோப்பு) அழியாது, எந்தப் பழைய கருவியிலும் முதலில் செய்து பார்க்க வேண்டியது அதுதான். இங்கே அதற்குப் பிறகும் வேகம் வரவில்லை. சேவ் கோப்புகளை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு டிஸ்க்கையே மாற்றினோம்.

மாற்றுவது சுலபம். மேல் மூடியின் பளபளப்பான பாதியை ஓரம் நோக்கித் தள்ளினால் கழன்று வரும். உள்ளே பிளேஸ்டேஷன் சின்னங்கள் பொறித்த ஒற்றைத் திருகு. அதை எடுத்தால் தட்டு வெளியே வரும், அதில் நான்கு சிறு திருகுகள். 2.5 அங்குலம், 9.5 மில்லிமீட்டருக்கு மிகாத தடிமன் என்றால் எந்த சாட்டா (லேப்டாப் டிஸ்க்குகளில் வரும் இணைப்பு வகை) டிஸ்க்கும் பொருந்தும். 480 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத, வேகமான டிஸ்க்) போட்டோம். இந்த வடிவத்தின் சாட்டா பாதை நொடிக்கு 3 ஜிகாபிட் வகை என்பதால் விலை உயர்ந்த அதிவேக எஸ்எஸ்டி வாங்குவது வீண். சாதாரணமானதே பாதையை நிரப்பிவிடும். அதன் பிறகு ஒரு பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, பிஎஸ்4 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்று இன்னொன்று, இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். சோனி தளத்திலிருந்து எடுக்க வேண்டியது முழு நிறுவல் கோப்பு. அதே பெயரில் சிறிய அப்டேட் கோப்பும் உண்டு, காலி டிஸ்க்கில் அது ஏறாது. பலரும் மாட்டிக்கொள்வது இதில்தான். சேஃப் மோடில் ஏழாவது தேர்வு, அரை மணி நேரத்துக்குள் முடிந்தது.

போர்டு கையில் இருந்தபோதே சிஆர்2032 பட்டன் செல்லையும் மாற்றிவிட்டோம். நேரம் காக்கும் செல் அது. செத்துப்போனால் ஒரு காலத்தில் இணைய இணைப்பு இல்லாமல் கேமே திறக்காத நிலை இருந்தது; 2021இல் வந்த 9.00 மென்பொருள் பதிப்பு அதைச் சரிசெய்தது. ஆனாலும் திறந்த கையோடு மாற்றுவது லாபம்.

திருப்பிக் கொடுக்கும்போது டிவிக்குப் பின்னால் கை வைத்தால் சுர்ரென்று இழுப்பதாக வீட்டில் அம்மா சொன்னார்கள். இந்தக் கருவியின் கரண்ட் கம்பி இரண்டு முனை, எர்த் கிடையாது. சப்ளைக்குள் இருக்கும் சிறு கெபாசிட்டர் வழியே மிகக் குறைந்த கசிவு உலோகப் பாகத்துக்கு வரும். ஆளுக்கு ஆபத்தில்லை, ஆனால் எச்டிஎம்ஐ சிப்புக்கு உண்டு. கருவியும் டிவியும் கரண்ட்டில் இருக்கும்போது எச்டிஎம்ஐயைச் செருகினால், கேபிள் டிவி வயர் வழியாக எர்த் தொட்டிருக்கும் டிவியை நோக்கி அந்த மின்னழுத்தம் ஒரு பொறியாகப் பாய இடமிருக்கிறது. எச்டிஎம்ஐயை முதலில் செருகு, கரண்ட்டை அப்புறம் போடு. கழற்றும்போது இதற்கு நேர் எதிர். இடி மின்னல் நாளில் கேபிள் வயரையும் சேர்த்து உருவிவிட வேண்டும்.

இடம் மாற்றம்தான் கடைசி வேலை. தயாரிப்பாளர் கையேட்டில் சொல்லும் அறை வெப்பம் 5 முதல் 35 டிகிரி. ஏப்ரல், மே மாதம் மத்தியானம் சீட் வீட்டில் அதைக் காப்பது சிரமம். அதனால் அந்த இரண்டு மாதமும் பகல் 12 முதல் 4 வரை விளையாட வேண்டாம் என்று சொன்னோம், மாணவருக்கு வருத்தம்தான். கண்ணாடி ஷோகேஸிலிருந்து எடுத்து, தரையிலிருந்து மூன்று அடி உயரத் திறந்த பலகையில், பின்பக்கம் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, பட்டறைப் பக்க ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வைத்தார்கள். தூசிக்குப் பயந்து துளைகளில் கொசுவலை ஒட்டலாமா என்றார் அப்பா. வேண்டாம், வலை முதலில் தூசியைத் தடுக்கும், பிறகு காற்றைத் தடுக்கும். முழுதாக அணைத்த பிறகு ஒரு பருத்தித் துணி போர்த்தினால் போதும். ஆரஞ்சு விளக்கு எரியும் ஓய்வு நிலையில் போர்த்தக் கூடாது. அந்த நிலையிலேயே விட்டுவிட்டுத் தூங்கவும் கூடாது: இரவில் மின்தடை வந்தால் முறையின்றி அணைந்ததாகவே அது கணக்கில் கொள்ளும். ஸ்டெபிலைசரை விற்று, 600 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்கிக்கொண்டார்கள். 32 அங்குல டிவியோடு சேர்த்து முறையாக அணைக்கும் நேரத்துக்கு அது தாங்கும்.

மூன்று மாதம் கழித்து, ஆடி முதல் வாரத்தில், மாணவரே காகிதத் துண்டைத் தொங்கவிட்டு அளந்து சொன்னார்: அறை 30, காற்று 46, காகிதம் நன்றாகப் பறக்கிறது. அறையைவிட 16 டிகிரி அதிகம். சுத்தம் செய்த அன்று 15. அந்த வித்தியாசம் 22ஐத் தாண்டினால் சப்ளையை எடுத்துத் தகடுகளைப் பார்ப்பதாக ஏற்பாடு. பலகைக்கு மேலே சுவரில் அந்த இரண்டு எண்களையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார்.